உன் அம்மா வாசித்த கிரேக்கப் பெயர்கள்

அன்பு மகனுக்கு, கடிதம் என்றதும் பதறிவிடாதே. வீட்டில் எல்லோரும் சுகம். போனில் சொல்லக்கூடிய விடயத்தைக் காகிதத்தில் எழுதுகிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் இதைப் போனில் தொடங்கினால் இரண்டாவது வசனத்திலேயே பகிடி விட்டுச் சமாளித்துவிடுவேன். அது என் பழைய வியாதி. ஆகவே விறாந்தையில் கதிரையைப் போட்டு, உள்துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு, கையாலேயே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். இங்கே இப்போது பின்னேரம் மூன்றரை மணி. தண்ணீர்மேல் காற்றில்லை. இரண்டு கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன. மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகு சத்தமில்லாமல் போகிறது. எங்கள் திருக்கோணமலை ஓர்ஸ் ஹில்லில் இந்த நேரத்தில் மனிதனுக்கு நித்திரை எது, நினைவு எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நான் எழுதுவதும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

போன ஞாயிறு தர்ஷினியும் தாயும் வெருகலிலிருந்து வந்து, நாங்கள் எல்லோருமாக உன்னோடு வீடியோவில் கதைத்தோமே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் மருமகளாகப் போகிற பிள்ளை உன் அம்மாவுக்குச் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மாமி, இவர் எடுத்திருக்கிற வீட்டு ரோட்டிலை ரெண்டு பக்கமும் மரமாம். கலியோப் ஸ்ட்ரீற் எண்டு பேர். அந்த மரத்திலை..." அவ்வளவுதான் சொன்னாள். நீ திரைக்குள்ளிருந்து சிரித்தாய். "கலியோப்பாம்! அது கலையோபி. சொல்லும் பாப்பம்" என்றாய். அவள் சொன்னாள், கடைசி எழுத்து வரவில்லை. "இல்லை, பி எண்டு முடியவேணும். இன்னொருக்கா." மூன்றாவது தரம் சரியாகச் சொன்னாள். நீ கை தட்டினாய். அவளுடைய தாய் சிரித்தா. நானும் சிரித்தேன், மகன். அதை ஒளிக்கமாட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை உன் கேள்விகளுக்கு "ஓம்", "இல்லை" என்று மட்டும்தான் பதில் சொன்னாள். நீ கவனித்தாயோ தெரியாது. உன் அம்மா எழும்பிக் குசினிக்குப் போனா. தேத்தண்ணி போடப் போகிறா என்று நினைத்தேன். தேத்தண்ணி வரவில்லை. போய்ப் பார்த்தேன். அடுப்புப் பற்றவைக்காமல் சும்மா நின்றுகொண்டிருந்தா.

கலையோபி என்பது சரிதான். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் வருகிற கிரேக்கப் பெயர்களில் கடைசி 'ஈ' ஊமை இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அதை உனக்கு ஏழு வயதில் சொல்லித் தந்தவன் நான். எனக்கு அது எப்படித் தெரிய வந்தது, தெரிய வருமுன் நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீ அந்தப் பிள்ளையைத் திருத்திய உச்சரிப்பு என்னிடமிருந்து வந்தது. அந்தச் சிரிப்பும் என்னிடமிருந்துதான் வந்தது. ஆவணியில் நீ தாலி கட்டுமுன் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

நான் கப்பல் ஏஜென்சியில் கிளாக்காகச் சேர்ந்த வருடம் அலுவலகத்துப் பின்னறையில் ஒரு தேயிலைப் பெட்டி கிடந்தது. உள்ளே நிறையப் பழைய ஆங்கிலப் புத்தகங்கள். எந்தக் கப்பலிலிருந்து எந்தக் காலத்தில் இறங்கியவையோ, ஒருவருக்கும் தெரியாது. உப்புக் காற்றுப் பட்டு அட்டை எல்லாம் தேமல் விழுந்திருந்தது. எரிக்கச் சொன்னார்கள். நான் சைக்கிளில் நாலு தரமாக ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். படிக்கிற ஆசையில் என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து, இவர் பெரிய ஆங்கிலக்காரர் என்று நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் கொண்டுவந்தேன். பிறகு கல்யாணமாகி, உன் அம்மா சம்பூரிலிருந்து ஒரு றங்குப் பெட்டியோடு வந்தா. வந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நான் வேலையால் வரும்போது அந்தப் புத்தகங்களை வெயிலில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தா. ஒன்றை மடியில் விரித்து உதடு அசைய வாசித்துக்கொண்டும் இருந்தா. வயல் செய்கிற கமக்காரன் வீட்டுப் பிள்ளை, கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவ. அவவுக்கு ஆங்கிலம் பேச ஆள் இருந்ததில்லை. தனியே அகராதியை வைத்துக்கொண்டு வாசிக்கப் பழகியிருந்தா. அவவின் ஆங்கிலம் முழுக்கக் கண்ணால் கற்ற ஆங்கிலம். காதில் விழுந்து வந்த ஒரு சொல்லும் அதில் இல்லை.

"சத்தமா வாசியும்" என்று நான்தான் சொன்னேன். அப்படித் தொடங்கியது எங்கள் பின்னேர வாசிப்பு. நான் நாலரைக்கு வருவேன். முகம் கழுவி, சாரம் மாற்றி, இதே விறாந்தையில் இருப்பேன். துறைமுகத்துத் தண்ணீரின் வெளிச்சம் கூரையின் உட்பக்கத்தில் அசைந்துகொண்டிருக்கும். உன் அம்மா வாசிப்பா. வேலிக்கு வெளியே ஒரு மான் வந்து நிற்கும், போகும். ஊரடங்குச் சட்டம் போட்ட காலம் அது. அடுத்த ஒழுங்கையில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் நாங்கள் இரண்டு பேரும் வேறெங்கோ இருந்தோம். பூப்பறிக்கப் போன மகளைப் பாதாள லோகத்து அரசன் தேரில் தூக்கிக்கொண்டு போக, தாய் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு உலகமெல்லாம் தேடுகிற கதை ஒன்று செய்யுளாக இருந்தது. அதை வாசிக்கும்போது உன் அம்மாவின் குரல் தணிந்துவிடும். எங்கள் ஊரிலும் அந்த நாட்களில் தாய்மார் காணாமற்போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டுதான் திரிந்தார்கள். நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அவ வாசிப்பா, நான் பயன் சொல்லுவேன். இந்த முறையை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உன் அம்மாவின் அப்பா, என் மாமா, சம்பூர்க் கோயிலில் புராணப் படிப்பு நடக்கும்போது பயன் சொல்லுகிறவர். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார், மற்றவர் அதற்குப் பொருள் விரித்துச் சொல்லுவார். கல்யாணம் செய்த முதல் வருடம் நானும் போய்ச் சனத்தோடு சனமாக இருந்து கேட்டேன். படித்தவர் ஒரு முனிவரின் பெயரைப் பிழையாகப் படித்துவிட்டார். எனக்கே விளங்கியது. மாமா வாய் திறக்கவில்லை. பாட்டு முடியும்வரை தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பிறகு பொருள் சொல்லும்போது அந்தப் பெயரைச் சரியாக, மெதுவாக, இரண்டு மூன்று இடத்தில் வைத்துச் சொன்னார். அடுத்த பாட்டில் படித்தவர் சரியாகவே படித்தார். யாரும் யாரையும் திருத்தியதாக ஒருவருக்கும் தெரியாது. திரும்பி நடக்கும்போது கேட்டேன், "ஏன் மாமா, அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாமே?" மாமா வெற்றிலையை அடக்கிக்கொண்டு சொன்னார்: "படிக்கிறவன்ர குரல் உடைஞ்சால் பிறகு ஆர் தம்பி படிக்கிறது?" நான் தலையாட்டினேன். விளங்கினதோ என்றால், அப்போது விளங்கவில்லை.

வீட்டில் அவ வாசிக்கும்போது எழுத்து என்ன இருக்கிறதோ அத்தனையையும் சொல்லுவா. எதையும் விழுங்க மாட்டா. சைக்கி என்கிற பெயரை முன்னால் உள்ள 'ப'வையும் சேர்த்து 'ப்சைக்கே' என்பா. குளோயியை 'ச்லோயே' என்பா. நான் சிரிப்பேன், அவவும் சிரிப்பா. அந்தச் சிரிப்பில் ஒரு பிழையும் இல்லை, அது இரண்டு பேருக்கும் சொந்தமான சிரிப்பு. ஆனால் அந்தப் பாதாள லோகத்துப் பெண்ணின் பெயர் வரும்போது மட்டும் அவ தயங்குவதில்லை. பெர்-செஃப்-அ-னி என்று நாலாகப் பிரித்து, இரண்டாவது இடத்தில் அழுத்தி, கடைசியைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லுவா. கதிரைக் கையில் விரலால் தாளம் தட்டிக் காட்டி, "இப்பிடிச் சொல்லாட்டி வரி நொண்டுதுங்கோ" என்பா. ஒரு வரிக்கு ஐந்து தட்டு. பெயரை முழுதாகச் சொன்னால்தான் ஐந்தாவது தட்டு விழும். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவன். அவ சம்பூர்.

உனக்கு ஒன்றரை வயதிருக்கும்போது கொழும்பிலிருந்து எங்கள் மேலதிகாரி மனைவியோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். நண்டுக் குழம்பும் கணவாய்ப் பொரியலும் வைத்து அம்மா அசத்திவிட்டா. சாப்பிட்டு முடிய, எனக்குள்ளிருந்த குறைகுடம் கூத்தாடத் தொடங்கியது. "இவ இங்கிலீசிலை காவியமெல்லாம் வாசிப்பா" என்று எடுத்துவிட்டேன். அவர்கள் ஆசையாகக் கேட்டார்கள். அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினா. நான் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். நீ அவவின் மடியில் அரை நித்திரையில் கிடந்தாய். அவ வாசிக்கத் தொடங்கினா. முதல் நாலு வரி எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியாது. மேலதிகாரி கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவருடைய மனைவி கண்ணை மூடிக்கொண்டா. பிறகு அந்தப் பெயர் வந்தது, பெர்-செஃப்-அ-னி. நான் இடையில் பாய்ந்தேன். "இஞ்சேரும், பெர்செஃபோன் எண்டு சொல்லவேணும். டெலிபோன் மாதிரி!" மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். காதில் ரிசீவரை வைப்பதுபோல் கையை வைத்து, "ஹலோ, பெர்செஃபோனோ?" என்றார். நானும் சிரித்தேன். அவருடைய மனைவி மட்டும் சிரிக்கவில்லை. உன் அம்மா புத்தகத்தை மூடினா. "அடுப்பிலை பால் வைச்சனான்" என்று சொல்லி உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனா. அடுப்பில் பால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு உன் அம்மா வாசிக்கவில்லை, மகன். ஒரு சண்டையும் இல்லை, முகச் சுழிப்பும் இல்லை. அடுத்த நாள் நாலரைக்கு வந்தேன், முகம் கழுவினேன், விறாந்தையில் இருந்தேன். அவ குசினியில் வேலையாக இருந்தா. "கோவமோ?" என்றேன். "என்ன கோவம், வேலை கிடக்கு" என்றா. அதற்கடுத்த நாளும் வேலை கிடந்தது. சரி, ஆறட்டும் என்று நான் பத்திரிகையை விரித்தேன். புத்தகங்கள் அலுமாரிக்குள் போயின. இரண்டு மூன்று மாதத்தில், எங்கள் வீட்டில் அப்படியொரு வழக்கம் இருந்தது என்பதே மறந்தமாதிரி ஆகிவிட்டது. நீ உன் அம்மாவை எத்தனையோ குரலில் கேட்டிருக்கிறாய், ஏசுகிற குரல், தாலாட்டுகிற குரல், தேவாரம் சொல்லுகிற குரல். அந்த வாசிக்கிற குரலை நீ கேட்டதில்லை. மடியில் கிடந்து கேட்டது உனக்கு நினைவிருக்காது. அதை நான் உனக்கு இல்லாமல் பண்ணினேன்.

ஐந்தாறு வருடம் கழிந்து ஒரு கோதுமைக் கப்பல் வந்தது. கப்பலின் பெயர் அந்தப் பெயர்தான். தந்தியைப் பார்த்து நான் அலுவலகம் முழுக்கப் பெர்செஃபோன் வருகிறது, பெர்செஃபோன் வருகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பொய்யில்லை. காலையில் வானொலிப் பெட்டியில் கப்பலின் கப்டன் கூப்பிட்டார். வயதான ஆங்கிலேயர், அவசரமில்லாத குரல். பெர்-செஃப்-அ-னி என்றார். இரண்டாவதில் அழுத்தி, கடைசியைக் கொஞ்சம் இழுத்து. உன் அம்மா விறாந்தையில் இருந்து வாசிப்பதுபோல் இருந்தது. அவர் இன்னொருமுறை கூப்பிட்ட பிறகுதான் பதில் கொடுத்தேன்.

அன்று தொடங்கி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டி ஒரு கொப்பியில் எழுதினேன். கடைசி 'ஈ' பேச வேண்டும். லீத்தி, குளோயி, ஃபீபி எல்லாம் அப்படித்தான். 'சிஎச்' வந்தால் 'க'. 'பிஎஸ்' என்று தொடங்கினால் 'ப' வாய்க்குள்ளேயே நிற்கும். 'ஏஈ', 'ஓஈ' என்று எழுதியிருந்தாலும் பழைய ஆங்கிலேயன் 'ஈ' என்றுதான் சொல்லுவான். கடைசிக்கு முந்திய அசை நெடிலாக இருந்தால் அழுத்தம் அங்கே, குறிலாக இருந்தால் இன்னும் ஒரு படி பின்னுக்குப் போகும். குறில் நெடில் நாங்கள் ஐந்தாம் வகுப்பில் படித்ததுதானே. கடல் தெய்வமான புரோட்டியஸை இரண்டு அசையாகவும் சொல்லலாம், மூன்றாகவும் சொல்லலாம், வரிக்கு எத்தனை தேவையோ அத்தனை. கடைசியில் எல்லா விதிக்கும் மேலே ஒரு விதி இருந்தது: சந்தேகம் வந்தால் வரியைத் தட்டிப் பார், வரி சொல்லும். இதைத்தான் உன் அம்மா கதிரைக் கையில் தட்டிக் காட்டினா. அவவிடம் அகராதிக் குறிகள் இல்லை. புராணப் படிப்புக் கேட்டு வளர்ந்த காது இருந்தது.

இன்னொன்றும் அப்போது விளங்கியது. இந்த உச்சரிப்புகள் கிரேக்கனுக்கும் விளங்காது, உரோமனுக்கும் விளங்காது. ஆங்கிலேயன் தன் வாய்க்கு ஏற்றமாதிரி அந்தப் பெயர்களைப் பழக்கி எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். திருக்கோணமலையை ட்ரிங்கோ ஆக்கவில்லையா? நாங்கள் மட்டும் என்ன, போர்த்துக்கேயனிடமிருந்து கதிரையையும் அலுமாரியையும் குசினியையும் வாங்கி எங்கள் நாக்கில் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டோம். அவன் வந்து கேட்டால் தன் சொல் என்றே அறியமாட்டான். கப்பலில் வந்திறங்குகிற பெயர்கள் கரையின் வாயைப் பூசிக்கொண்டுதான் ஊருக்குள் வரும். இவ்வளவு சின்ன விடயத்துக்காகவா ஒரு மனுசியின் வாயை மூடவைத்தேன் என்று அந்த நூலக மேசையில் இருந்து யோசித்தேன். யோசித்ததோடு சரி. வீட்டுக்கு வந்து அவவிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? முதலில் வெட்கம். பிறகு, இவ்வளவு நாள் கழித்து என்னத்தைச் சொல்கிறது என்ற சாட்டு. பிறகு அது பழகிவிட்டது. சண்டைக்குப் பயந்து சம்பூர் சனமெல்லாம் ஊரைவிட்டுக் கிளம்பி வந்த காலத்தில் மாமா எங்களோடு இருந்தது உனக்கு நல்ல நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். ஒரு பின்னேரம் அவர் கேட்டார், "பிள்ளை, நீ இப்ப இங்கிலீசுப் புத்தகம் வாசிக்கிறேல்லையோ?" உன் அம்மா, "எங்கை அப்பா நேரம்" என்றா. மாமா என்னைப் பார்த்தார். நீட்டிப் பார்க்கவில்லை, ஒரு பார்வைதான். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே இந்தக் கதை முடிந்திருக்கும். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். ஆனால் உனக்கு ஏழு வயதிலேயே அந்தக் கொப்பியிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லித்தந்திருந்தேன், நீ பிழையாகச் சொல்லும்போது சிரித்துச் சிரித்துத் திருத்தினேன். அம்மாவுக்குக் கேட்கும்படியாகத்தான் சொல்லித்தந்தேன் என்று இப்போது நினைக்கிறேன். அப்படியாவது தெரியட்டும் என்று. கோழைத்தனத்துக்கும் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது பார்.

அதனால்தான் சொல்கிறேன், மகன். நான் பிழையாகத் திருத்தினேன், நீ சரியாகத் திருத்தினாய். இரண்டும் போய் நின்ற இடம் ஒன்றுதான். எங்கள் பக்கம் சரி இருந்தால் சிரிக்க உரிமை வந்துவிடுகிறது என்று நினைக்கிறோம். தர்ஷினி கணக்குப் படிப்பிக்கிற பிள்ளை, மூளை கூடின பிள்ளை. நாளைக்கு நீ இருக்கிற நாட்டுக்கு அவள் வந்தால், கடையிலும் பஸ்சிலும் வேலைக்குப் போகிற இடத்திலும் தினமும் பத்துப் பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் பயப்படாமல் பிழை விடுவதற்கு ஒரு வீடு வேண்டாமா? அந்த வீட்டிலும் ஒரு பரீட்சகர் இருந்தால் பிள்ளை எங்கே போய்க் கதைக்கும்?

நேற்று நான் அம்மாவிடம் சொன்னேன். ஆம், நேற்றுத்தான். உன்னிடம் சொல்லுமுன் அவவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பின்னேரம் இதே விறாந்தையில் சுளகை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. நான் அலுமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தேன்.

"இஞ்சேரும், அண்டைக்கு நீர் வாசிச்சதுதான் சரி. நான்தான் பிழை."

"எண்டைக்கு?"

"மேலதிகாரி ஆக்கள் சாப்பிட வந்த அண்டைக்கு. அந்தப் பேர்."

கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "அது எனக்கு அப்பவே தெரியுமே" என்றா.

"தெரிஞ்சோ புத்தகத்தை மூடினனீர்?"

"அவரின்ர மனுசிக்குச் சரியான விசயம் தெரியும், முகத்திலை பாத்தனான். அடுத்த பக்கத்திலை அந்தப் பேர் இன்னும் மூண்டு இடத்திலை வருது. நான் வாசிக்க, நீங்கள் திரும்பத் திரும்பத் திருத்துவியள். ஆர் பிழையெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். உங்கட பெரியவருக்கு முன்னாலை உங்களுக்கு அந்த வெக்கம் ஏன் எண்டுதான் மூடினனான்."

முப்பது வருடம் அவவின் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டு, அது ஆறட்டும் என்று காத்திருந்தது, கோபமே இல்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவ உள்ளே போயிருக்கிறா.

"சரி, அது அண்டைக்கு. பிறகு ஏன் வாசிக்கேல்லை? இவ்வளவு வருசம்?"

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "பிறகு நீங்கள் வாசியுமெண்டு கேக்கேல்லையே."

மகன், அந்த ஒரு வசனத்தை நேற்றிரவு முழுக்க நான் உருட்டிக்கொண்டிருந்தேன். அவ காத்திருந்திருக்கிறா. நாலரை மணிக்குக் குசினியில் வேலை கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு, நான் வந்து கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறா. நான் பத்திரிகை வாசித்திருக்கிறேன்.

"இப்ப கேக்கிறன். வாசியும்" என்றேன். அவ கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினா. பக்கத்தைத் தேடாமலே எடுத்தா. கொஞ்சம் எட்டப் பிடித்தா, பிறகு கிட்டப் பிடித்தா. எழும்பி, துறைமுகத்து வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திரும்பி நின்று பார்த்தா. பிறகு புத்தகத்தை மெல்ல என் கையில் தந்தா.

"எழுத்தெல்லாம் கலங்கிக் கிடக்கு. இப்ப ஏலாதுங்கோ."

"எப்ப தொடக்கம்?"

"ரெண்டு வருசமிருக்கும். சீனி வருத்தம் கண்ணைத்தானே முதல்லை பிடிக்குது."

நீரிழிவு பிடித்த அந்தக் கண்ணுக்கு மருந்து விட நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன், மகன். ஆனால் அவவால் வாசிக்க முடியவில்லை என்பது எனக்குத் தெரியாது. அவ வாசிப்பதை நான் பார்த்தால்தானே, வாசிக்க ஏலாமற் போனது எனக்குத் தெரியும்?

இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் தர்ஷினிக்குப் போன் எடு. நீட்டி முழக்கி மன்னிப்புக் கேட்டு அந்தப் பிள்ளையை இன்னும் கூச்சப்படுத்தாதே. அந்தத் தெரு மரத்தில் என்ன என்று என் அம்மாவுக்குச் சொல்ல வந்தனீர் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை சும்மா இரு.

உன் அப்பா